நாளைக்கு எத்தனை ஆள்?

போனில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். பந்தலுக்குக் கீழே ஒன்பது பேர்தான் நின்றார்கள். நிலோபர் மறுபடியும் எண்ணினாள். எண்ண எண்ணக் கூடிவிடும் என்ற நப்பாசையில் மூன்றாம் தரமும் எண்ணினாள். ஒன்பதுதான்.

ராயப்பன்பட்டி ரோட்டில் ஒச்சாண்டிக்கு நான்கு ஏக்கர் பன்னீர் திராட்சை. பந்தல் முழுக்கக் கறுத்துப் பழுத்து, வெட்டினால் இன்றைக்கே வெட்ட வேண்டும் என்ற பதத்தில் தொங்கியது. மேற்கே மலையை மேகம் மூடியிருந்தது. ஒரு மழை அடித்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை ஈயும் எறும்பும்தான் விலை பேசும். கேரளாவுக்குப் போகிற வியாபாரியின் லாரி ஆறு மணிக்கே வந்து வரப்போரம் நின்றது. பதினோரு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று டிரைவர் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

ஒச்சாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிலோபரின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார்.

"என்னாத்தா, மிச்ச ஆளுக எல்லாம் போனுக்குள்ளயே வெட்டுறாகளா?"

 பஸ் தாமதமாக இருக்கும், வந்துவிடுவார்கள் மாமா என்று நிலோபர் முணுமுணுத்தாள். உத்தமபாளையத்துப் பஸ் இரண்டு போய்விட்டதை அவரும் பார்த்திருந்தார், அவளும் பார்த்திருந்தாள்.

இந்தப் பள்ளத்தாக்கில் தோட்டம் வைத்திருக்கிறவனைச் சாயங்காலமானால் பிடித்து ஆட்டுவது ஒரே கேள்விதான்: நாளைக்கு எத்தனை ஆள்? வெட்டுக்கு வருகிற பெண்களுக்கு ஒரு வேலையா, ஒரு தோட்டமா? ஏலக்காய்க்கு மலையேறுவார்கள், வாழைக்குப் போவார்கள், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் வந்தால் எங்கேயும் போகமாட்டார்கள். விடிந்து பார்த்தால்தான் தெரியும். நிலோபர் கட்டியிருந்தது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். தோட்டக்காரர் மதியத்துக்குள் தேவையைச் சொன்னால், சாயங்காலம் அவளுடைய மிஷின் பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, நாளைக்கு வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்கும். அவர்கள் வாயால் சொல்கிற பதிலைக் கேட்டுப் புரிந்துகொண்டு, எட்டு மணிக்குள் தோட்டக்காரருக்கு எண்ணிக்கையை அனுப்பிவிடும். சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு புதுத்தொழில் போட்டியில் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கிவிட்டாள். கைதட்டியவர்களில் ஒருத்தருக்கும் திராட்சைத் தோட்டம் கிடையாது.

வெட்டு தொடங்கியது. நிலோபர் வரப்பில் உட்கார்ந்து, வராத பதின்மூன்று பேருக்கும் போன் போட்டாள். நான்கு பேர் எடுத்தார்கள். நான்கு பேரும் ஒரே மாதிரி ஆச்சரியப்பட்டார்கள். வரலைன்னு நேத்தே சொல்லிட்டேனே பாப்பா என்றார்கள். சொல்லியிருந்தால் போனில் எப்படி 'வருகிறார்' என்று பச்சை விழும்?  வராதவர்கள் பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பொய் சொல்லியது தன் மிஷின் என்றால் யாரிடம் போய் நிற்பது?

இதெல்லாம் நடந்தது ஒரு வியாழக்கிழமை. அந்த வியாழக்கிழமைக்கு இன்னொரு கணக்கும் இருந்தது.

நிலோபர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். வேலையை விட்டுவிட்டு வரவில்லை. ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். உத்தமபாளையத்தில் கேட்பவர்களிடமெல்லாம் அவளுடைய அத்தா ராஜா முகம்மது, மக லீவுல வந்திருக்கா என்றே சொல்லிவந்தார். லீவு என்பது எவ்வளவு சௌகரியமான வார்த்தை! அதற்குள் ஒளிந்துகொண்டு ஒரு வருஷம் ஓட்டியாயிற்று. இன்றைக்கு மாலை ஐந்து மணிக்குள், திரும்பி வருகிறாயா இல்லையா என்று கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். இல்லை என்றால் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

சம்பளம் போனால் போகட்டும் என்று அவள் மனசைத் தேற்றிவைத்திருந்தாள். தேற்ற முடியாதது ஒன்று இருந்தது. கம்பெனி தந்த இன்சூரன்ஸ் அட்டையில் அத்தாவின் பெயரும் சேர்ந்திருந்தது. போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தது அந்த அட்டையை நம்பித்தான். அதிலிருந்து ராஜா முகம்மது அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். சட்டை மாற்றினால் அட்டையும் அடுத்த பைக்கு மாறிவிடும். லீவு வரைக்கும் அட்டை உயிரோடு இருக்கும். வேலையை விட்டால் அதுவும் செத்தது. வெளியே போய்ப் புதிதாக ஒன்று எடுக்கலாமா என்று விசாரித்ததில், ஸ்டென்ட் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எதிர்முனையில் குரல் மாறிப்போனது.

பதினோரு மணிக்கு லாரி பாதிகூட நிறையாமல் கிளம்பியது. ஒச்சாண்டி கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. வெட்டாமல் நின்ற வரிசைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நீ இருபத்திரெண்டுன்னு சொன்னதால நான் வேற ஆளத் தேடல. தேடியிருந்தா நாலு பேராச்சும் கெடச்சிருக்கும். இனிமே நானே தேடிக்கிறேன்."

அவர் கத்தியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் வரும் வழியெல்லாம் நிலோபருக்கு ஒரே யோசனை. பேசாமல் போய்விடலாம். நாலு மணிக்கு மெயில் அனுப்பிவிட்டுத் திங்கட்கிழமை பெங்களூரில் ஏசிக்குள் உட்கார்ந்துவிடலாம். அங்கே தப்பு நடந்தால் ஒரு திரையில் சிவப்பாக ஒரு கோடு வரும். யாரும் தலைத்துண்டால் முகத்தைத் துடைக்கமாட்டார்கள்.

அத்தாவின் ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த அறைதான் ஆபீஸ். மகாலட்சுமி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். ராயப்பன்பட்டிக்காரி, தேனியில் ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலையை விட்டுவிட்டு நிலோபரோடு சேர்ந்தவள். வெட்டுக்குப் போகிற பெண்கள் பாதிப்பேரை அவள்தான் பேசிச் சேர்த்திருந்தாள். காலையிலிருந்து அவளுக்கும் போன் மேல் போன். நிலோபரைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிவைத்தாள். வராத பதின்மூன்று பேர் பேசியதும் அதில் பதிவாகி இருந்தது.

முதலில் சங்கிலியம்மாள். மிஷின் கேட்கிறது, நிலோபரின் குரலில்தான் கேட்கிறது. முதலில் எங்கோ விலைக்கு வாங்கிய ஒரு பெண் குரல் இருந்தது. நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கிறது, பெண்கள் பயப்படுகிறார்கள் என்று மூன்று நாளைக்கு முன்புதான் அதை எடுத்துவிட்டு, நிலோபர் தன் குரலைப் பதிந்து போட்டிருந்தாள். அந்தக் குரலில் போன் போனது நேற்றுத்தான் முதல் தடவை.

"யாரு, நிலோபரு பாப்பாவா? நாளைக்கு ஏலாதுத்தா. எங்க சின்னவ பிள்ளைக்குக் காது குத்துறாக, சுருளிக்குப் போறம். ஒங்க அத்தாவுக்கு ஒடம்பு இப்ப தேவலையா? மாத்திரைய நேரத்துக்குப் போடச் சொல்லு. சரித்தா, வாரேன்."

அவ்வளவுதான். பக்கத்தில் பச்சை: வருகிறார்.

அடுத்தது மலையம்மாள். மகனுக்குக் காய்ச்சலாம், நாளைக்கு முடியாதாம், அத்தாவைக் கேட்டதாகச் சொல்ல வேண்டுமாம். சரி பாப்பா, வாரேன். பச்சை. அதற்கடுத்தவர் பஞ்சம்மாள். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறேன், கோவிச்சுக்கிராத, அத்தாவைப் பாத்துக்க, வாரேன். பச்சை.

மகாலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

"அடியே, அவுக ஒங்கிட்டச் சொல்லிட்டுப் போறாகடி. ஒம்மிஷினு வேலைக்கு வாரேன்னு எழுதி வச்சிருக்கு."

கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த ஊரில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. போகிறவர்கள் எல்லாருமே 'வாரேன்' என்றுதான் சொல்வார்கள். விலைக்கு வாங்கிய குரல் கேட்டபோது பெண்கள், வருவேன், வரமாட்டேன் என்று வெட்டிவிட்டுப் போனை வைத்தார்கள். மிஷினிடம் யார் விடைபெறுவார்கள்? நிலோபரின் குரல் என்றானதும் அவளே வாசலில் வந்து நின்று கேட்பதாக நினைத்து, குசலம் விசாரித்து, முறையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இங்கத்திய பெண்கள் கதையை முதலில் சொல்லி முடிவைக் கடைசியில்தான் சொல்வார்கள் என்று கண்டுபிடித்து, கடைசியாக வரும் சொல்லையே பதிலாக எடுத்துக்கொள் என்று மிஷினுக்குச் சொல்லிவைத்ததும் நிலோபரேதான். அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று பீற்றிக்கொண்டதும் அவள்தான். இதே ஊரில் பிறந்து, இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

அவள் பதின்மூன்றையும் கேட்டாள். பதின்மூன்றில் பத்துப் பேர் அத்தாவை விசாரித்திருந்தார்கள். ஏழாவது பதிவில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தாலா, வேறெதனாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

தப்பைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. புரிந்துகொண்டதை மிஷின் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்ப நாளைக்கு வேலைக்கு வரலை, சரிதானே என்று கேட்டு, ஆமாம் என்றதும் காதை மூடிக்கொள்ள வேண்டும். மகாலட்சுமிதான் அந்த யோசனையைச் சொன்னாள். இரண்டு மணி நேர வேலை. வேலையை முடித்து நிமிர்ந்தபோது மணி நாலு. இந்தத் தப்பு சரியாகிவிட்டது. இன்னும் என்னென்ன தப்பு எந்தெந்த வார்த்தைக்குள் ஒளிந்திருக்கிறதோ! ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஒச்சாண்டியின் பழம் வெடிக்க வேண்டுமா? இது ஓடுமா, ஓடாதா? இதைச் சொல்ல எந்த மிஷினும் இல்லை.

மகாலட்சுமியிடம் கேட்டாள், நான் போய்விட்டால் நீ என்ன செய்வாய் என்று. தேனிக்குப் போய்விடுவேன், அங்கே என் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று அவள் நேராகவே சொன்னாள். அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

நிலோபர் கீழே இறங்கினாள். ராஜா முகம்மது கல்லாவில் உட்கார்ந்து பைப் வாங்க வந்தவருக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை காத்திருந்தாள்.

"அத்தா, அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்."

"தெரியும்."

"வரலைன்னு சொன்னா அந்த அட்டை செல்லாது."

அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. எடுக்கவில்லை, மேலாக ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது. கடையில் வேறு யாருமில்லை. ரோட்டில் குமுளி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு நிலோபரு. மதுரையில படுத்திருக்கயில இந்த அட்டை இல்லைன்னா என்னா ஆகியிருக்கும்னு ஒனக்கும் தெரியும். அதுக்காக ஒன்னயப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போகாதன்னும் வரல. என்னையக் கேக்காத."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போ என்றால் போயிருப்பாள். இரு என்றால் இருந்திருப்பாள். இரண்டில் ஒன்றை அவர் சொல்லியிருந்தால், நாளைக்கு எது கெட்டுப்போனாலும் பழி போட ஓர் ஆள் இருந்திருக்கும். அந்த ஆளாக இருக்க மாட்டேன் என்று பெற்றவரே கையை விரித்துவிட்டார். பயந்த மனுஷன் பயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு, அடுத்து வந்தவருக்கு ஆணி எடுக்க எழுந்து போனார்.

மேலே போய் லேப்டாப்பைத் திறந்தாள். கம்பெனி அனுப்பியிருந்த படிவத்தில் இரண்டே கட்டங்கள். திரும்புகிறேன், திரும்பவில்லை. அவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சின்னக் கட்டங்கள்.  காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெங்களூரில் அவளுடைய நாற்காலிக்கு ஆள் கிடைத்துவிடும். அதில் சந்தேகமே இல்லை. சங்கிலியம்மாள் சொன்ன 'வாரேன்' எந்த 'வாரேன்' என்று உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேறு யார் வருவார்கள்? அப்படிக் கேட்பதால் மட்டும் பிழைத்துவிட முடியுமா? தெரியாது. அத்தாவுக்கு மறுபடி ஒன்று என்றால்? தெரியாது, தெரியாது. தெரிந்தபிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்துதான் ஒரு வருஷம் போயிருந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டாவது கட்டத்தைத் தொட்டாள். அனுப்பினாள். உடனே பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது.

முகம் கழுவிக்கொண்டு வந்து, அனுப்பிட்டேன் என்றாள். எதை என்று மகாலட்சுமி கேட்கவில்லை. நிலோபரின் முகத்திலேயே எழுதியிருந்தது போலும். எழுந்து போய் இரண்டு டீயும் ஒரு பன்னும் வாங்கிவந்து வைத்தாள். பன்னைத் தின்னச் சொல்லிவிட்டு, ஒச்சாண்டி தோட்டத்துக்கு இன்றைக்குக் கேட்க வேண்டுமா என்றாள்.

அவர்தான் வேண்டாமென்று சொல்லிவிட்டாரே! ஆனால் மேகம் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை, பழம் இன்னும் பந்தலில்தான் இருந்தது. கேட்போம் என்றாள் நிலோபர். மிஷின் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டது. இந்தத் தடவை இருவரும் இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பதிலையும் கேட்டார்கள். ஆறரைக்கு எல்லாம் முடிந்தது. நேற்று இருபத்திரண்டு காட்டிய இடத்தில் இன்று எட்டு என்று இருந்தது.

எட்டு. இதை வைத்துக்கொண்டு அந்த மனுஷனிடம் எப்படிப் பேசுவது? கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் புத்தி போனது. போன் போட்டாள். அவர் எடுப்பாரா என்பதே சந்தேகம்தான். எடுத்தார்.

காலையில் நடந்த தப்பு என்ன என்பதை முதலில் சொன்னாள். 'வாரேன்' கதையை அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டார். சிரிக்கிறாரா, திட்டப் போகிறாரா என்று தெரியவில்லை.

"நாளைக்கு எட்டுப் பேர்தான் மாமா. நான் ஒண்ணொண்ணாக் காதால கேட்டுட்டேன்."

"இருபத்திரெண்டுன்னு சொல்லி ஒம்பது வந்துச்சு. எட்டுன்னு சொன்னா எத்தன வரும்?"

"எட்டு வரும் மாமா."

 அவர் குரலில் கணக்குப் போடும் தோரணை வந்திருந்தது. "எட்டுன்னு உறுதியாத் தெரிஞ்சா நான் லாரிய வேணாம்னு சொல்லிட்டுச் சின்ன வண்டிய வரச் சொல்லிருவேன். மேக்கால இருக்க வரிச மட்டும் வெட்டுனாப் போதும், அங்கனதான் பழம் ரொம்பக் கனிஞ்சு நிக்கிது. மிச்சம் ரெண்டு நாளு தாங்கும். எனக்கு எட்டுங்கறது கொறச்சல் இல்லத்தா. எத்தனன்னு தெரியாம இருக்கறதுதான் கொறச்சல்."

ஒரு வருஷமாக அவள் தோட்டக்காரர்களிடம் ஆள் கொண்டுவருகிறேன், ஆள் கொண்டுவருகிறேன் என்றே சொல்லி வந்திருந்தாள். கோயம்புத்தூரிலும் அதைத்தான் சொன்னாள். இந்த மனுஷனுக்கு வேண்டியதோ ஓர் உண்மையான எண். போனை வைத்த பிறகு அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான். சொன்ன எட்டு எட்டாகவே விடிய வேண்டுமே!

விடிந்தது. ஆறரை மணிக்கு நிலோபர் தோட்டத்து வரப்பில் நின்றாள். மகாலட்சுமி கம்பத்தில் வேறொரு தோட்டக்காரரைப் பார்க்கப் போயிருந்தாள். முதல் பஸ்ஸில் நான்கு பேர் இறங்கினார்கள். ஒரு டிவிஎஸ்ஸில் இரண்டு பேர். பின்னாலேயே ஒருத்தர் நடந்து வந்தார். ஏழு. பஞ்சம்மாள்தான் பாக்கி. நேற்று அவர் சொன்னதை நிலோபர் தன் காதாலேயே கேட்டிருந்தாள்; வேலைக்கு வருகிறேன், ஆமாம் என்றுதான் சொல்லியிருந்தார். போன் போட்டாள், அடித்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது பஸ்ஸும் நிற்காமல் போனது.

சின்ன வண்டி வந்து நின்றது. ஒச்சாண்டி கத்தரிகளை எண்ணி ஏழு பேர் கையிலும் கொடுத்தார். ஒன்று அவர் கையிலேயே மிஞ்சியது. அதைப் பிடித்தபடி நிலோபரைப் பார்த்தார்.  

 இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் மாமா என்று சொல்லத்தான் நிலோபர் வாயெடுத்தாள். சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டாள். துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிச் சுற்றி முடிந்துகொண்டு, அவர் கையிலிருந்த கத்தரியை வாங்கிக்கொண்டாள்.

"எட்டாவது ஆளு நாந்தேன் மாமா."

"ஒனக்கு வெட்டத் தெரியுமா?"

"தெரியாது."

பக்கத்து வரிசையிலிருந்து சங்கிலியம்மாள் எட்டிப் பார்த்து, காம்பைப் பிடித்து வெட்டு பாப்பா, பழத்தைத் தொடாதே என்று கத்தினார். நிலோபர் கையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தாள். அரை மணி நேரத்தில் கழுத்து மரத்துப்போனது. சாறு முழங்கை வரை வழிந்து பிசுபிசுத்தது, தேனீ ஒன்று காதோரம் சுற்றியது. எத்தனை தோட்டத்துக்கு இப்படி எட்டாவது ஆளாக நிற்கப் போகிறாய் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நியாயமான கேள்விதான்.  மற்ற ஏழு பேரும் அவளை எப்போதோ தாண்டிப் போய்விட்டார்கள்.

பத்து மணிக்கு, நிலோபரின் வரிசை தவிர மேற்கே எல்லாம் முடிந்து வண்டி நிறைந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. ஒச்சாண்டி டிரைவரை அனுப்பிவிட்டு, பந்தலுக்குக் கீழே குனிந்து அவள் இருந்த வரிசைக்கு வந்தார். அவள் வெட்டிவைத்த பெட்டியைப் பார்த்தார். ஐந்தாறு குலைகளில் பழம் நசுங்கியிருந்தது. அவற்றை எடுத்துத் தனியே வைத்தார்.

"நாளைக்கு எத்தனன்னு சாயங்காலம் சொல்லிரு."

"கொறச்சலா இருந்தாலும் சொல்றேன் மாமா," என்றாள் நிலோபர். கையை இறக்காமலேதான் சொன்னாள்; அவள் வரிசையில் இன்னும் பாதி பாக்கி இருந்தது.